‘சிலருடைய பலவீனம்’: ஒரு திருவிருந்து மேசை பிரிந்த கதை

ஆராதனைக்கும் சமூக நீதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் சபைகளில் வழக்கமாக ஒரு பதில் வரும். ஆராதனை வேர், சமூக சேவை கனி. ஞாயிற்றுக்கிழமை பெற்றதை மற்ற ஆறு நாளும் கொடுக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நீதியும் அநீதியும் ஆலய வாசலுக்கு வெளியேதான் நடமாடுகின்றன, உள்ளே நடப்பது அவற்றுக்கு அப்பாற்பட்டது என்று இந்தப் பதில் சொல்லாமலே சொல்லிவிடுகிறது. யார் எங்கே உட்காருகிறார், பாத்திரத்தை யார் முதலில் தொடுகிறார், யாரைக் காத்திருக்கச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் நீதியின் கணக்கில் சேராதா?

இதைப் பொதுவாகப் பேசிக்கொண்டிருப்பதைவிட ஒரே ஒரு நிகழ்வை எடுத்துப் பிரித்துப் பார்ப்பது மேல். தென்னாப்பிரிக்காவின் டச்சு சீர்திருத்தச் சபையை எடுத்துக்கொள்கிறேன். அப்பமும் பாத்திரமும் பகிரும் திருவிருந்தைப் பற்றி 1857-ல் அது நிறைவேற்றிய ஒரு தீர்மானமும், 1982-ல் அதே திருவிருந்தை முன்னிட்டு அதற்கு நேர்ந்ததும் இந்த ஆய்வின் இரண்டு முனைகள். இடையே 125 ஆண்டுகள்.

முதலில் சரியாகத்தான் சொன்னார்கள்

1652-ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி நன்னம்பிக்கை முனையில் குடியேற்றம் அமைத்தபோது கம்பெனியின் சபையும் கூடவே வந்திறங்கியது. சில ஆண்டுகளுக்குள் அடிமைகளும் வந்தார்கள்: இந்தோனேசியத் தீவுகள், மடகாஸ்கர், மொசாம்பிக், வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை என்று பல திசைகளிலிருந்து. அந்த அடிமைகளில் நம் கடற்கரையிலிருந்து போனவர்களும் உண்டு என்பதைத் தமிழில் படிப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

அடிமைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்ற கேள்வி அதற்கும் முந்தியது. சீர்திருத்தச் சபைகள் நெதர்லாந்தின் தோர்ட் நகரில் கூட்டிய சினோடு, அதாவது சபையின் உயர்மன்றம் (1618–19), இதைப் பேசியபோது, ஞானஸ்நானம் பெற்ற அடிமை மற்றக் கிறிஸ்தவர்களைப் போலவே சுதந்திர உரிமையை அனுபவிக்க வேண்டும் என்ற கருத்து எழுந்தது. விளைவை ஊகிப்பது கடினமல்ல. தண்ணீர் பட்டால் சொத்து கைவிட்டுப் போய்விடும் என்று அஞ்சிய எஜமானர்கள் அடிமைகளை ஞானஸ்நானத் தொட்டியின் பக்கமே விடவில்லை. சுவிசேஷத்தின் மேல் அவர்களுக்குப் பகை இல்லை. கணக்குப் புத்தகம் கையில் இருந்தது, அவ்வளவுதான். திருமுழுக்குக்கு ஒரு பொருளாதார விலை உண்டு என்பதை இறையியலாளர்களைவிட அடிமை எஜமானர்கள் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தார்கள்.

1829-ல் கேப் (நன்னம்பிக்கை முனை) பகுதியின் சினோடு முன் ஒரு விவகாரம் வந்தது. சாமர்செட் சபையில் பென்டூரா விசர் என்ற வெள்ளையரல்லாத ஒருவர் ஞானஸ்நானமும், முழு உறுப்பினராக ஏற்கும் திடப்படுத்தலும் பெற்றிருந்தார். வெள்ளையரோடு சேர்ந்து திருவிருந்தில் பங்குபெற வந்தார். சிலர் ஆட்சேபித்தார்கள். சினோடு என்ன செய்வது? அரசின் பிரதிநிதியாக அந்த அவையில் உட்கார்ந்திருந்த அதிகாரி, இது விவாதிக்கவே தகுந்த பொருள் அல்ல என்றார். சினோடும் அதை ஏற்றுக்கொண்டது. நிறம், பிறப்பு என்ற வேறுபாடு இல்லாமல் எல்லா உறுப்பினருக்கும் ஒரே நேரத்தில் திருவிருந்து வழங்க வேண்டும். இது தேவனுடைய தவறாத வார்த்தையை அடிப்படையாகக் கொண்ட அசைக்க முடியாத கொள்கை. வாக்கெடுப்புக்கு விடத்தக்கது அல்ல.

அந்தத் தீர்மானத்தால் எல்லா ஊரிலும் நடைமுறை மாறிவிடவில்லை. ஆனாலும் சபை தன் மனசாட்சியைப் பதிவேட்டில் எழுதி வைத்துவிட்டது. பின்னால் வந்ததை ‘அந்தக் காலத்தில் எல்லோருமே அப்படித்தான் நினைத்தார்கள்’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள இந்த ஒரு பக்கம் இடம் தரவில்லை.

1857

28 ஆண்டுகளுக்குள் நிறைய மாறிவிட்டது. 1834 டிசம்பர் 1-ல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ‘பயிற்சிக் காலம்’ என்ற பெயரில் இழுத்த கட்டாய வேலையும் 1838-ல் முடிந்தது. நேற்று வரை தன் கொட்டிலில் படுத்துக் கிடந்தவன் இன்று சட்டத்தின் முன் சமமானவன். வெள்ளை விவசாயிக்கு இது பெரிய அதிர்ச்சி. வீட்டிலும் வயலிலும் இழந்த இடைவெளியை வேறெங்காவது நிலைநிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. ஆலயம் அதற்குத் தோதாக இருந்தது என்பது என் வாசிப்பு.

கிழக்குக் கேப்பின் ஸ்டாக்கன்ஸ்ட்ரோம் சபையில் பெரும்பாலோர் அந்நாட்டின் பூர்வகுடிகளான கோய்கோய் மக்கள். 1855-ல் அங்கே வந்து சேர்ந்திருந்த 45 வெள்ளையர்கள் தங்களுக்குத் திருவிருந்தைத் தனியாக வழங்கும்படி மனு கொடுத்தார்கள். வந்தேறிகள் வீட்டுக்காரரைத் தள்ளி உட்காரச் சொன்ன மாதிரி. மேலிருந்த வட்டார மன்றம் சமரசம் ஒன்றைச் சொன்னது: பழைய உறுப்பினர் பந்தியில் எழுந்த பிறகு, வெள்ளையருக்கு ஒன்றோ இரண்டோ மேசைகள் தனியாகப் போடலாம். சீர்திருத்தச் சபை வழக்கத்தில் திருவிருந்துக்கு உண்மையிலேயே நீண்ட மேசை போட்டு, சுற்றி உட்கார்ந்து, அப்பத்தையும் பாத்திரத்தையும் கைமாற்றிக் கொள்வார்கள். ஆகவே ‘மேசை’ இங்கே உவமை அல்ல, மரச்சாமான்.

விஷயம் 1857 சினோடுக்கு வந்தது. அங்கே நிறைவேறிய தீர்மானத்தின் சாரம் இது: புறஜாதியிலிருந்து வந்த உறுப்பினர்களை, முடிந்த இடத்திலெல்லாம் இருக்கிற சபைகளுக்குள்ளேயே சேர்த்துக்கொள்வது விரும்பத்தக்கது, வேதத்துக்கும் ஒத்தது, ஆனால் சிலருடைய பலவீனத்தின் காரணமாக இந்த ஏற்பாடு புறஜாதியாரிடையே கிறிஸ்துவின் பணி வளர்வதற்குத் தடையாக இருக்குமானால், அவர்களிடையே அமைந்த சபைகள் தங்கள் கிறிஸ்தவ உரிமைகளைத் தனிக் கட்டடத்திலோ தனி நிறுவனத்திலோ அனுபவிக்கலாம்.

இதை இரண்டு முறை படிக்க வேண்டும். முதல் பாதி 1829-ஐக் கைவிடவில்லை. ஒன்றாயிருப்பதே வேதத்துக்கு ஒத்தது என்று ஒப்புக்கொள்கிறது. பிறகு ‘ஆனால்’. அந்த ‘ஆனால்’ கொள்கையை மறுக்கவில்லை. கொள்கையை உச்சியில் ஏற்றி வைத்துவிட்டு, கீழே நடைமுறைக்கு வேறு வழி வெட்டிக் கொடுக்கிறது. இனவெறியை வெளிப்படையாக ஆதரித்த ஒரு தீர்மானத்தைவிட இது எனக்கு அதிகம் அச்சமூட்டுகிறது. அதை எழுதியவர்களில் பலர் நல்லவர்கள், அருட்பணியில் ஆர்வமுள்ளவர்கள். சுவிசேஷம் பரவ வேண்டும் என்ற காரணத்தையே காட்டி மேசையைப் பிரித்தார்கள்.

பலவீனர் யார்?

‘பலவீனம்’ என்ற சொல் சும்மா வந்து விழவில்லை. அது பவுலின் சொல். ரோமர் 14-லும் 1 கொரிந்தியர் 8-லும் ‘விசுவாசத்தில் பலவீனமுள்ளவன்’ வருகிறான். விக்கிரகத்துக்குப் படைத்த இறைச்சியைத் தின்ன மனம் ஒப்பாதவன் அவன். பவுல் அவனுக்காகப் பரிந்து பேசுகிறார். ஆனால் எதை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார், யாரை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். பலமுள்ளவன் தன் தட்டிலிருந்த இறைச்சியை விட வேண்டும். தேவைப்பட்டால் என்றைக்கும் இறைச்சியே தின்னமாட்டேன் என்கிறார் பவுல். சகோதரனைப் பந்தியிலிருந்து எழுப்பிவிடு என்று எங்கும் சொல்லவில்லை.

1857-ல் இது தலைகீழாகிவிட்டது. நிலமும் துப்பாக்கியும் வாக்கும் வைத்திருந்தவர்கள் ‘பலவீனர்’ ஆனார்கள். எதுவும் இல்லாதவர்கள் அந்தப் பலவீனத்துக்காகத் தங்கள் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டியவர்கள் ஆனார்கள். சலுகை கேட்கும் குரல் எவ்வளவு பணிவாக ஒலித்தாலும், அந்தச் சலுகையின் செலவு யார் தலையில் விழுகிறது என்று பார்த்தால் போதும், யார் பலவான் என்பது தெரிந்துவிடும்.

கொரிந்து சபையிலும் ஏறத்தாழ இதே சிக்கல்தான். வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுவிடுகிறார்கள். வேலை முடித்துப் பிந்தி வருகிற ஏழைக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. ‘ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்’ என்று கடிந்துகொள்கிறார் பவுல் (1 கொரிந்தியர் 11). அவர் அங்கே ‘உங்கள் ஆராதனை நல்லது, சமூக வாழ்க்கைதான் சரியில்லை’ என்று சொல்லவில்லை. நீங்கள் கூடிச் சாப்பிடுவது கர்த்தருடைய இராப்போஜனமே இல்லை என்கிறார். ஒரு பங்கீட்டுப் பிரச்சினை, அவர் பார்வையில், சடங்கையே செல்லாததாக்கிவிட்டது. கேப் சினோடில் வேத அறிவு குறைவில்லை. இந்த அதிகாரத்தை அவர்கள் எத்தனையோ தடவை வாசித்திருப்பார்கள், அநேகமாக ஒவ்வொரு திருவிருந்துக்கும் முன்னால்.

கட்டடத்திலிருந்து சட்டத்துக்கு

‘முடிந்தால் ஒன்றாக, முடியாவிட்டால் தனியாக’ என்பது மெல்ல மெல்ல ‘தனியாக’ என்று மட்டும் ஆயிற்று. விதிவிலக்கு விதியானது. 1881-ல் கலப்பினத்தாருக்கென டச்சு சீர்திருத்த மிஷன் சபை தனியாக உருவானது. வெள்ளைச் சபைக்குப் பெயர் ‘தாய்ச் சபை’. மற்றவை ‘மகள் சபைகள்’. குடும்பச் சொற்கள்தான். ஆனால் இந்த மகள்கள் எத்தனை வயதானாலும் தாயின் வீட்டில் ஒரே பந்தியில் உட்கார முடியாது. ஆப்பிரிக்கக் கறுப்பருக்கு இன்னொரு சபை வந்தது. 1968-ல் இந்தியருக்கும் ஒன்று. 1860 முதல் நட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் தமிழர் ஏராளம். அவர்களுடைய வம்சத்தில் இந்த மரபுக்கு வந்தவர்களுக்கும் தனி வாசல் தயாராயிற்று. ஒரே விசுவாச அறிக்கை, ஒரே ஹைடல்பெர்க் வினாவிடை, ஒரே திருவிருந்து ஒழுங்கு. ஆனால் நிறத்துக்கு ஒரு சபை.

நடைமுறை முதலில் வந்தது, அதற்கான இறையியல் பிறகுதான் வந்தது. இந்த வரிசை முக்கியம். 20-ஆம் நூற்றாண்டில்தான் பாபேல் கோபுரக் கதையிலிருந்து, தேவன் ஜனங்களைப் பிரித்து வைத்தார் என்ற போதனையை இழுத்தெடுத்தார்கள். அப்போஸ்தலர் 17:26-ல் ‘குடியிருப்பின் எல்லைகள்’ என்ற பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். அதே வசனம் சகல ஜனங்களையும் ‘ஒரே இரத்தத்தினாலே’ தோன்றப்பண்ணினதாகத் தொடங்குவது அவர்களுக்கு இடைஞ்சலாகப் படவில்லை. ஞாயிறுதோறும் தனித்தனியாக உட்கார்ந்து பழகிய கண்களுக்கு வேதமும் அப்படியே தெரிய ஆரம்பித்தது.

1948-ல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. பிரதமர் டி. எஃப். மலான் அதே சபையில் போதகராக இருந்தவர். டச்சு சீர்திருத்தச் சபையை ‘ஜெபம் செய்யும் தேசியக் கட்சி’ என்று மக்கள் கேலியாகச் சொல்வதுண்டு. கலப்புமணத் தடைச் சட்டம் 1949-ல் வந்தது. அப்படியொரு சட்டம் வேண்டும் என்று சபையே அரசிடம் கேட்டு வந்திருந்தது. 1950-ல் ஒவ்வொருவரையும் இனவாரியாகப் பதியும் மக்கள் பதிவுச் சட்டம், குடியிருப்புகளை இனவாரியாகப் பிரிக்கும் குழுப் பகுதிகள் சட்டம். 1953-ல் பூங்கா, பேருந்து, கடற்கரை, கழிப்பறை எல்லாவற்றையும் பிரிக்கும் தனி வசதிகள் சட்டம். தனிக் கட்டடம் என்ற 1857 யோசனை இப்போது ஒரு நாட்டின் வரைபடமாகிவிட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லத்தான் வேண்டும். அபார்தைட் என்ற இனஒதுக்கலைத் திருவிருந்துத் தீர்மானம் மட்டுமே பெற்றெடுத்தது என்று சொன்னால் அது மிகை. வைரமும் தங்கமும் தோண்டிய சுரங்கங்களுக்கு மலிவான கூலியாள் தேவைப்பட்டது. 1913 நிலச் சட்டம் கறுப்பருக்கு ஏறத்தாழ 7 சதவீத நிலத்தை ஒதுக்கியது, 1936-ல் அது 13 சதவீதமளவுக்கு உயர்ந்தது. அந்தச் சட்டம் பிரிட்டிஷ் பேரரசின் நிழலில் பிறந்தது. ஆங்கிலம் பேசும் சபைகளும் வெள்ளாடை உடுத்திக்கொள்ள முடியாது. கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று தீர்மானங்களில் சொல்லிக்கொண்டார்கள், உள்ளூர்ச் சபைகளோ பெரும்பாலும் நிறவாரியாகவே இருந்தன. ஆனாலும் சுரங்க முதலாளியால் தர முடியாத ஒன்றைச் சபை தந்தது. பிரிவு என்பது ஒழுங்கு, தேவபக்திக்கு உகந்தது, எவருக்கும் தீங்கில்லாதது என்ற மன அமைதி அது. வாரந்தோறும் பழகினால்தான் அப்படி ஓர் அமைதி வரும்.

மறுத்தவர்கள்

1957-ல் அரசு ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. வெள்ளையர் பகுதியிலுள்ள ஆலயத்துக்குக் கறுப்பர் வருவதை அமைச்சர் தடுக்கலாம் என்ற ஷரத்து அதில் இருந்தது. கேப் டவுனின் ஆங்கிலிக்கன் பேராயர் ஜெஃப்ரி க்ளேட்டன் போராட்டக்காரர் என்று பெயரெடுத்தவர் அல்ல; எச்சரிக்கையான, ஒழுங்கை மதிக்கும் மனிதர். இந்தச் சட்டத்துக்குக் கீழ்ப்படிய முடியாது, கீழ்ப்படியும்படி என் மக்களுக்கு ஆலோசனை சொல்லவும் முடியாது என்ற கடிதத்தில் மார்ச் 6, சாம்பல் புதனன்று கையெழுத்திட்டார். மறுநாள் இறந்துபோனார். வீடு, பள்ளி, வேலை எல்லாவற்றிலும் பிரிவு வந்தபோது தயங்கித் தயங்கிப் பேசிய ஒருவரை, ஆராதனைக்கு வரும் வாசலில் அரசு கைவைத்தபோது சட்டமறுப்புக்கே தள்ளிவிட்டது எது? வாசலைக் காப்பது தன் பணி என்று அவருக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது. மற்றதெல்லாமும் தன் பணிதானா என்பதில் அவருக்கே அந்தத் தெளிவு இருந்ததா என்று கேட்கலாம், நான் கேட்கிறேன்.

1960 மார்ச் 21-ல் ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டு 69 பேர் இறந்தார்கள். அந்த டிசம்பரில் ஜோகன்னஸ்பர்கின் கோட்டஸ்லோவில் சபைகள் கூடிப் பேசின. நிறத்தையோ இனத்தையோ காரணம் காட்டி விசுவாசி எவரையும் எந்த ஆலயத்திலிருந்தும் விலக்கக் கூடாது என்றது அங்கே வந்த அறிக்கை. டச்சு சீர்திருத்தச் சபையின் பிரதிநிதிகளும் அதற்கு இசைந்தார்கள். பிரதமர் ஃபெர்வூர்ட் கோபம் கொண்டார். சபையின் சினோடுகள் தங்கள் பிரதிநிதிகளையே கைவிட்டன. உலகத் திருச்சபைகள் மன்றத்திலிருந்தும் வெளியேறின. விட்டுக்கொடுக்காமல் நின்றவர்களில் பேயர்ஸ் நௌடே ஒருவர். டச்சு வழிவந்த வெள்ளையரான ஆப்பிரிக்கானர் சமூகத்தின் இரகசியச் சங்கமான பிரூடர்பாண்டில் உறுப்பினராக இருந்தவர், உயர்ந்த சபைப் பதவியில் இருந்தவர். 1963-ல் தன் சபையின் பிரசங்க மேடையில் நின்று, மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப் பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறது அவசியம் என்ற வசனத்தை எடுத்துப் பேசி இறங்கினார். அந்த மேடை அவருக்கு இல்லாமல் போனது. 1977 முதல் 1984 வரை அரசின் தடையாணையின் கீழ் வாழ்ந்தார். அந்தக் காலத்தில்தான் வெள்ளைச் சபையை விட்டு, கறுப்பர் சபையில் உறுப்பினராகச் சேர்ந்தார்.

ஒட்டாவா, 1982

1982 ஆகஸ்டில் சீர்திருத்தச் சபைகளின் உலகக் கூட்டமைப்பு கனடாவின் ஒட்டாவாவில் கூடியது. தொடக்கத்தில் திருவிருந்து ஆராதனை. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த கறுப்பர், கலப்பினப் பிரதிநிதிகள் சிலர் மேசைக்கு வர மறுத்தார்கள். ஊரில் எங்களோடு ஒரே மேசையில் உட்காராதவர்களோடு, உலகம் பார்க்க இங்கே மட்டும் எப்படி உட்காருவது என்பது அவர்கள் கேள்வி.

இந்த ஆய்வின் நடுத்தூண் இதுதான். 1857-ல் மேசையை விட்டு விலகியவர்கள் வெள்ளையர். அவர்கள் விலகல் பிறரை வெளியே தள்ளியது. 1982-ல் விலகியவர்கள், அப்படித் தள்ளப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஒற்றுமைக்குப் பங்கம் என்று இரண்டையும் சேர்த்துக் கண்டிக்கவும் செய்யலாம். அன்று சிலருக்கு அப்படித்தான் தோன்றியது. மத்தேயு 5:23-ஐ எடுத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். ‘உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று’ நினைவுவந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போ என்கிறது வசனம். குறை வைத்தவன் எழுந்து போக வேண்டும். அவன் போகாமல் உட்கார்ந்திருந்தான். குறைபட்டவன் எழுந்து நின்று, உன் காணிக்கை இன்னும் ஏற்கப்படவில்லை என்று காட்டினான்.

கூட்டத்தை அந்தக் காலி இடங்கள் அசைத்தன. அபார்தைட் பாவம், அதற்கு வேதத்திலிருந்து நியாயம் கற்பிப்பது கள்ளப்போதனை என்று கூட்டமைப்பு அறிவித்தது. இரண்டு வெள்ளை ஆப்பிரிக்கானர் சபைகளின் உறுப்புரிமையை நிறுத்தி வைத்தது. மிஷன் சபையின் போதகர் ஆலன் பூசாக்கைத் தலைவராகத் தெரிந்தெடுத்தது. உறுப்புரிமை திரும்பக் கிடைக்க மூன்று நிபந்தனைகள். சினோடு இனஒதுக்கலைத் தெளிவாக நிராகரிக்க வேண்டும், அதன் கீழ் துன்பப்படுவோருக்குச் சொல்லிலும் செயலிலும் துணை நிற்க வேண்டும். இவ்விரண்டுக்கும் முன்னால் முதலாவதாக எழுதியது: கறுப்புக் கிறிஸ்தவர்களை ஆராதனைகளிலிருந்து, குறிப்பாகத் திருவிருந்திலிருந்து, இனி விலக்கக் கூடாது. அரசியல் கோரிக்கைகளுக்கு முன்னால் மேசையை வைத்தார்கள். முறிவு எங்கே தொடங்கியது என்று அவர்களுக்குத் தெரியும்.

பெல்ஹார்

அதே ஆண்டு அக்டோபரில் மிஷன் சபையின் சினோடு பெல்ஹாரில் கூடியது. கேப் டவுனை ஒட்டி, கலப்பினத்தாருக்கென்று அரசு ஒதுக்கிய குடியிருப்பு அது. அங்கே ஒரு விசுவாச அறிக்கையின் வரைவு எழுந்தது. 1986-ல் சபை அதை முறைப்படி ஏற்றது.

அரசியல் பிரகடனத்தை எதிர்பார்த்து அதைத் திறப்பவர் ஏமாந்துபோவார். அபார்தைட் என்ற சொல்லே அதில் இல்லை. திரியேக தேவனை அறிக்கையிட்டுத் தொடங்குகிறது, துதியோடு முடிகிறது. நடுவில் மூன்று பகுதிகள்: சபையின் ஒருமைப்பாடு, ஒப்புரவு, நீதி. ஒருமைப்பாட்டைப் பேசும் இடத்தில் ஒரே அப்பம், ஒரே பாத்திரம் வருகிறது. நீதியைப் பேசும் இடத்தில், தேவன் விசேஷமாக ஆதரவற்றோர், ஏழைகள், அநீதிக்குள்ளானோரின் தேவன் என்றும், அவர் நிற்கும் இடத்தில் சபை நிற்க வேண்டும் என்றும் சொல்கிறது.

‘நிற்க வேண்டும்’ என்ற வினையைக் கவனியுங்கள். 1857-ன் பேச்சு முழுக்க யார் எங்கே உட்காருவது என்பதைப் பற்றியது. இது எழுதியவர்கள் எண்ணி வைத்ததா, தற்செயலா என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் ஆராதனையில் எழுந்து நின்று சொல்லும் விசுவாசப் பிரமாணத்தின் வடிவத்தையே அவர்கள் தெரிந்தெடுத்தது தற்செயல் அல்ல. அறிக்கையோடு ஒரு கடிதமும் சேர்த்தார்கள். அதில் எந்தத் தனிமனிதரையும் குறிவைக்கவில்லை, பொய்ப் போதனையைத்தான் எதிர்க்கிறோம் என்று எழுதினார்கள். பகைவனும் சேர்ந்து சொல்லத்தக்க அறிக்கையாக அதை வைத்தார்கள்.

ஜெபமும் அடக்க ஆராதனையும்

1985-ல் தென்னாப்பிரிக்கத் திருச்சபைகள் மன்றம் ஓர் அழைப்பு விடுத்தது: 1976 சோவெட்டோ மாணவர் எழுச்சியின் நினைவு நாளான ஜூன் 16 அன்று அநீதியான ஆட்சி முடிவுக்கு வரும்படி ஜெபியுங்கள். பெரிய கூச்சல் எழுந்தது. சபைத் தலைவர்களிலேயே சிலர் பின்வாங்கினார்கள். ஆளுகிறவர்களுக்காக ஜெபிக்கும்படி வேதம் சொல்ல, ஆளுகிறவர்கள் அகலும்படி ஜெபிப்பதா? ஊர்வலத்தையும் புறக்கணிப்பையும் பொறுத்துக்கொண்டவர்கள்கூட ஜெபத்தைப் பொறுக்கவில்லை. ஜெபம் ஒன்றும் செய்யாது என்று அவர்கள் நம்பியிருந்தால் அத்தனை கோபம் வந்திருக்காது.

அதே ஆண்டு ஜூலையில் பல மாவட்டங்களில் அவசரநிலை. கூட்டங்களுக்குத் தடை இருந்ததால் அடக்க ஆராதனைகளே மக்கள் கூடும் இடமாகியிருந்தன. அரசு அதற்கும் விதிகள் போட்டது: திறந்தவெளியில் கூடாது, குருப்பட்டம் பெற்றவரைத் தவிர யாரும் பேசக் கூடாது, கொடியும் பதாகையும் கூடாது, நடந்து ஊர்வலமாகப் போகக் கூடாது. ‘அரசியலை ஆலயத்துக்குள் கொண்டுவராதீர்கள்’ என்று சபைகளுக்கு உபதேசித்த அரசு, இப்போது வழிபாட்டு ஒழுங்கை அரசிதழில் எழுதிக்கொண்டிருந்தது.

பாட்டும் இதில் சேரும். ஈனொக் சொன்டொங்கா என்ற மெதடிஸ்ட் மிஷன் பள்ளி ஆசிரியர் 1897-ல் இயற்றிய ‘ந்கோசி சிகெலெல் இஆஃப்ரிகா’ ஒரு ஜெபப் பாடல்; ஆண்டவரே, ஆப்பிரிக்காவை ஆசீர்வதியும் என்பதே அதன் பொருள். ஆலயத்தில் பாடியதை விடுதலை இயக்கம் எடுத்துக்கொண்டது. இன்று அது நாட்டுப் பண்ணின் முதல் பகுதி.

பின்பு

வெள்ளைச் சபை 1986-ல் தன் உறுப்புரிமையை எல்லா இனத்தாருக்கும் திறந்தது. அதைப் பொறுக்காதவர்கள் மறு ஆண்டே பிரிந்து தனிச் சபை அமைத்தார்கள். சிலருடைய பலவீனம் அவ்வளவு எளிதில் குணமாகவில்லை. 1990 நவம்பரில் ரஸ்டன்பர்கில் சபைகள் கூடியபோது ஸ்டெல்லன்போஷ் இறையியலாளர் வில்லி யோங்கர் எழுந்து, தன் பாவத்தையும் தன் சபையின் பாவத்தையும் அறிக்கையிட்டார். பேராயர் டெஸ்மண்ட் டுட்டு மேடைக்கு வந்து அதை ஏற்றுக்கொண்டார். டுட்டு யாரைக் கேட்டு மன்னித்தார் என்று கறுப்புப் பிரதிநிதிகள் சிலர் முணுமுணுத்தார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. பாவ அறிக்கையும் விமோசனமும் ஆராதனையில் சில நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன. பறிபோன நிலம் அந்த நேரத்துக்குள் திரும்பி வருவதில்லை.

1994 ஏப்ரல் 14-ல், எல்லா இனத்தாரும் வாக்களித்த நாட்டின் முதல் பொதுத் தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, கலப்பினத்தாரின் மிஷன் சபையும் ஆப்பிரிக்கரின் சபையும் இணைந்து ஒரே சபையாயின. பெல்ஹார் அறிக்கை அதன் அடிப்படை ஆவணங்களில் ஒன்று. அந்த அறிக்கை கடல் கடந்தும் போனது: அமெரிக்காவின் சீர்திருத்தச் சபை 2010-லும், அங்குள்ள பிரஸ்பிட்டேரியன் சபை 2016-லும் அதைத் தங்கள் அறிக்கைகளோடு சேர்த்துக்கொண்டன.

பிறந்த நாட்டில்தான் சிக்கல். பெல்ஹாரைத் தன் அறிக்கைகளில் சேர்க்க டச்சு சீர்திருத்தச் சபையின் பொதுச் சினோடு 2011-ல் முன்வந்தது. அதற்கு வட்டாரச் சினோடுகள் ஒவ்வொன்றிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். வாக்கெடுப்பில் அது கிடைக்கவில்லை. வெள்ளையரின் சபையும் 1994-ல் இணைந்த சபையும் இன்னும் இரண்டாகவே இருக்கின்றன. சேர்ந்து நடத்தும் ஆராதனைகள் உண்டு, சேர்ந்து செய்யும் பணிகள் உண்டு, பேச்சுவார்த்தைக் குழுக்களும் உண்டு. ஆனால் பல ஊர்களில் நடுத்தெருவில் ஒரு கோபுரமும், ஊரின் மறுகோடியில் இன்னொரு ஆலயமும் அப்படியே நிற்கின்றன. ஞாயிறு காலையில் இரண்டிலும் ஒரே வினாவிடையைப் படிக்கிறார்கள், திருவிருந்துக்கு முன் 1 கொரிந்தியர் 11-ஐ வாசிக்கிறார்கள், பிறகு தங்கள் தங்கள் மேசைக்குப் போகிறார்கள்.